அட்டிகா 1971: சாவிக்கொத்து வைத்திருந்தவர்களின் கதை

1970 ஜூலை 8 அன்று நியூயார்க் மாநிலத்தில் சிறைச்சாலைகள் ஒழிந்தன. காகிதத்தில்தான். சிறை என்ற பெயர் போய் 'சீர்திருத்த நிலையம்' வந்தது. வார்டன் 'கண்காணிப்பாளர்' ஆனார். முந்தின நாள் சாயங்காலம் 'கார்டு' என்ற பெயரில் டூட்டி முடித்துப் போனவர், மறுநாள் காலையில் 'கரெக்‌ஷன் ஆபீசர்', அதாவது சீர்திருத்த அதிகாரி. பெயர்தான் மாறியது. அதே சாவிக்கொத்து, அதே தடி, அதே தலை எண்ணும் வேலை. சீர்திருத்துவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (நம்மூரிலும் துறையின் பெயர் 'சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை'தான். உள்ளே இருப்பவர்களுக்கு அவர் இன்னும் வார்டர்தான்.)

பதினான்கு மாதம் கழித்து, அதே மாநிலத்தின் அட்டிகா சிறையில் 43 பேர் செத்தார்கள். 32 பேர் கைதிகள், 11 பேர் சிறை ஊழியர்கள். அட்டிகா என்றால் எல்லோருக்கும் கைதிகளின் கிளர்ச்சிதான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. ஆனால் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவரின் பக்கம் நின்று பார்த்தால் இந்த நிகழ்வு வேறு மாதிரி தெரிகிறது. அவரைக் காப்பாற்றும் என்று நம்பிய ஒவ்வொன்றும், கதவிலிருந்து முதலாளி வரைக்கும், எப்படிக் கைவிட்டது என்று வரிசையாகத் தெரிகிறது.

முதலில் இடம். அட்டிகா மேற்கு நியூயார்க்கில் ஒரு சின்ன ஊர். பஃபலோவுக்கும் ராச்செஸ்டருக்கும் நடுவே, சுற்றிலும் பால் பண்ணைகள். 1931இல் திறந்த அந்தச் சிறைக்கு 30 அடி உயர மதில். ஊரில் நிலையான வேலை என்றால் சிறை வேலைதான். அப்பா, மகன், மச்சான் என்று ஒரே குடும்பத்தில் பலர் அங்கே போய் வந்தார்கள். உள்ளே இருந்தவர்களோ பெரும்பாலும் நியூயார்க் நகரத்துக்காரர்கள். குடும்பம் பார்க்க வர வேண்டுமென்றால் 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம். கைதிகளில் பாதிக்கு மேல் கருப்பினத்தவர், கூடவே புவேர்ட்டோ ரிக்கர்கள். அதிகாரிகளில் கருப்பினத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. கிராமத்து வெள்ளைக்காரர் ஒருவர் நகரத்துக் கருப்பின இளைஞனைப் பார்த்துப் பழகுவதே வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கம்பிக்கதவின் இரண்டு பக்கத்திலும் நின்றுதான். தங்கள் தடிக்கு அதிகாரிகள் வைத்திருந்த பட்டப்பெயரே கருப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல். அந்தத் தடியால் சுவரில் தட்டித்தான் 'நட', 'நில்' என்று வரிசைக்கு உத்தரவு கொடுப்பார்கள். வாய் திறந்து சொல்வதுகூட இல்லை.

1,600 பேருக்கான இடத்தில் அந்த செப்டம்பரில் 2,200க்கு மேல் இருந்தார்கள். வாரம் ஒரு குளியல். மாதம் ஒரு டாய்லெட் பேப்பர் சுருள். ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் செல்லுக்குள். கடிதங்களைப் பிரித்துப் படித்துத் தணிக்கை செய்வார்கள். ஸ்பானிஷ் தெரிந்த தணிக்கை ஆள் இல்லாததால் ஸ்பானிஷ் கடிதங்கள் குப்பைக்குப் போயின. இதில் எதையும் அங்கே நின்ற அதிகாரி தீர்மானிக்கவில்லை. குளியல் ஏன் வாரம் ஒன்று என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. ஆனால் கேள்வி அவரிடம்தான் வரும், கோபமும் அவரிடம்தான். இந்த வேலையின் அடிப்படைச் சிக்கலே இது என்று நினைக்கிறேன். மாநிலத் தலைநகர் அல்பனியில் உட்கார்ந்து எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் முகம், சம்பளப் படிக்கட்டின் கீழ்ப்படியில் நிற்பவருடையது.

இன்னொரு ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அதில் தப்பே தெரியாது. தொழிற்சங்க ஒப்பந்தப்படி, எந்த இடத்தில் டூட்டி பார்ப்பது என்பதை சீனியாரிட்டி அடிப்படையில் அதிகாரிகளே கேட்டு வாங்கலாம். நியாயமான உரிமைதானே? இருபது வருடம் உழைத்தவருக்குக் கொஞ்சம் நிம்மதியான இடம் வேண்டாமா? விளைவு என்னவென்றால், அனுபவம் உள்ளவர்கள் எல்லாம் கைதிகள் பக்கம் போகத் தேவையில்லாத டூட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். மதில்மேல் கோபுரம், அலுவலகம், வாசல். கைதிகளோடு நாள் முழுக்க நிற்க வேண்டிய இடங்களுக்கு நேற்றுச் சேர்ந்த பையன்கள் வந்தார்கள். அதிலும் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. பழைய ஏற்பாட்டில் ஒரு அதிகாரிக்குத் தன் வரிசையில் இருக்கும் நாற்பது பேரின் முகமும் தெரியும், யாருக்கு வீட்டில் சாவு, யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் தெரியும். கைதிகளுக்கும் 'இந்த ஆள் முறைப்பான், ஆனால் சொன்னால் சொன்னதுதான்' என்று ஒரு கணக்கு இருக்கும். அது போய்விட்டது. விதிகள் எழுத்தில் ஒழுங்காகக் கைதிகள் கைக்குப் போகாத இடத்தில், இந்த அதிகாரி கண்டுகொள்ளாததற்கு அடுத்த அதிகாரி தண்டனை எழுதினார்.

ஒரு சிறை அதிகாரியிடம் உள்ளே துப்பாக்கி இருக்காது. இருந்தால் அது ஐந்தே நிமிடத்தில் கைமாறிவிடும் என்பது எல்லாச் சிறைகளுக்கும் தெரிந்த பாடம். ஒருவருக்கு எதிரே அறுபது, எழுபது பேர். அவர்கள் நடப்பது அவர் தடிக்குப் பயந்து என்று அவரே நம்பமாட்டார். பழக்கம், பேச்சு, 'இன்றைக்கு இருப்பதுபோல நாளைக்கும் இருக்கும்' என்ற நம்பிக்கை, இவைதான் அந்த எழுபது பேரையும் வரிசையில் வைத்திருக்கின்றன. அட்டிகாவில் இது ஒவ்வொன்றாக உருவப்பட்டது.

1971 ஜனவரியில் ரஸ்ஸல் ஆஸ்வால்ட் மாநிலச் சிறைத்துறையின் புதிய ஆணையராக வந்தார். சீர்திருத்த ஆர்வம் உள்ளவர் என்று பெயர். ஜூலையில் அட்டிகா கைதிகள் சிலர் அவருக்கு 27 கோரிக்கைகள் எழுதி அனுப்பினார்கள். மருத்துவம், சாப்பாடு, கூலி, மத உரிமை. ஆகஸ்ட் 21இல் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில், புத்தகங்களால் பெயர்பெற்ற கருப்பினக் கைதி ஜார்ஜ் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் காலை அட்டிகா சாப்பாட்டுக்கூடத்துக்குக் கைதிகள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் சாப்பிடும் கூடத்தில் ஸ்பூன் சத்தம்கூட இல்லை. சத்தம் போடும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய அதிகாரிகளுக்கு அந்த மௌனம்தான் அதிக பயத்தைக் கொடுத்தது.

செப்டம்பர் 8 பிற்பகல். ஏ பிளாக் முற்றத்தில் இரண்டு கைதிகள் கைகலப்பு. சண்டை என்று அதிகாரி நினைத்தார். விளையாட்டு என்றார்கள் சுற்றி நின்றவர்கள். கூப்பிட்டதற்கு வர மறுப்பு, வாக்குவாதம், ஒரு லெப்டினன்ட்மேல் கை பட்டது. கூட்டம் கூடியதைப் பார்த்து அதிகாரிகள் பின்வாங்கினார்கள். அந்த நேரத்துக்கு அது புத்திசாலித்தனம்தான். ஆனால் சாயங்காலம் செல்லுக்குள் அடைத்த பிறகு வந்து இரண்டு பேரைத் தனியறைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் முற்றத்தில் சண்டையிட்டவரே இல்லை. ஒருவரைக் கைகால் பிடித்துத் தூக்கிப்போவதை மற்றவர்கள் கம்பி வழியாகப் பார்த்தார்கள். அடித்துக் கொல்லப் போகிறார்கள் என்று பேச்சுப் பரவியது. ஒரு சூப் டப்பா பறந்து வந்து ஒரு அதிகாரியைத் தாக்கியது. அதிகாரிகள் கணக்கில் அது 'விட்டுப் பிடித்தது'. கைதிகள் கணக்கில், முற்றத்தில் முடிந்த விஷயத்தை இருட்டில் வந்து தீர்த்துக்கொண்டது.

மறுநாள், செப்டம்பர் 9, காலைச் சாப்பாடு. டப்பா வீசியவரைச் செல்லிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். சக கைதி ஒருவர் நெம்புகோலைத் தட்டி அந்தக் கதவைத் திறந்துவிட, அவரும் வரிசையோடு சாப்பிடப் போனார். தகவல் மேலே போனது. சாப்பிட்டு முடித்த அந்த அணியை முற்றத்துக்கு விடாமல் நேராகச் செல்லுக்கே அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். இந்த முடிவு, அந்த அணியைக் கூட்டிக்கொண்டு சுரங்கப்பாதையில் நடந்துவந்த அதிகாரிக்குப் போய்ச் சேரவில்லை. லெப்டினன்ட் ஒருவர் போன் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. ஒரே நேரத்தில் ஒரு பேச்சுக்குமேல் தாங்காத பழைய இணைப்பு. சரி, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினார்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது நிலைமை இதுதான்: முற்றத்துக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறது. ஏன் என்று கைதிகளுக்கும் தெரியாது, கூட வந்த அதிகாரிக்கும் தெரியாது. முந்தின நாள் ராத்திரி ஆட்களைத் தூக்கிப்போன அதே லெப்டினன்ட் எதிரே வருகிறார். முதல் அடி அவருக்கு. அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

அட்டிகாவில் ஏ, பி, சி, டி என்று நான்கு பிளாக்குகள். அவற்றை இணைக்கும் சுரங்கப்பாதைகள் நடுவில் ஒரு கூட்டல் குறிபோலச் சந்திக்கும் இடத்துக்கு 'டைம்ஸ் ஸ்கொயர்' என்று பெயர். நான்கு பக்கமும் இரும்புக் கதவு. ஒரு பகுதியில் கலாட்டா என்றாலும் அது அந்தப் பகுதியோடு நின்றுவிடும் என்பதுதான் கட்டடத்தின் கணக்கே. அன்று அந்த இடத்தில் டூட்டியில் இருந்தவர் வில்லியம் க்வின், 28 வயது. இரண்டு பெண் குழந்தைகள். மனைவி மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். கூட்டம் கதவைப் பிடித்து உலுக்கியது. கதவைப் பிடித்திருந்த இரும்புத் தண்டு ஒடிந்து, கதவு திறந்துகொண்டது. பிறகு பார்த்தபோது தெரிந்தது: அந்தத் தண்டில் பல வருடங்களுக்கு முன்பே ஒரு மோசமான வெல்டிங். மேலே பெயிண்ட் அடித்து மறைந்திருந்தது.

க்வினின் தலையில் விழுந்த அடிகளில் மண்டை உடைந்தது. பிறகு கைதிகளே அவரை ஒரு மெத்தையில் கிடத்தி வெளியே அனுப்ப வழி செய்தார்கள். டைம்ஸ் ஸ்கொயர் போனதும் நான்கு பிளாக்குக்கும் வழி திறந்தது. அன்றே சில பகுதிகளை மாநிலப் போலீஸ் திரும்பப் பிடித்தது. டி முற்றத்தில் 1,281 கைதிகளும் நாற்பது சொச்சம் பணயக்கைதிகளும் மிஞ்சினார்கள்.

அடுத்த நான்கு நாட்களில் நடந்த பேச்சுவார்த்தையை விரிவாகச் சொல்லப் போவதில்லை. அது பலமுறை சொல்லப்பட்ட கதை. பணயக்கைதிகள் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். முதல் மணி நேரங்களில் அவர்களுக்கு நல்ல அடி விழுந்தது. பிறகு கறுப்பின முஸ்லிம் கைதிகள் அவர்களைச் சுற்றி வளையம்போல நின்று காவல் காத்தார்கள். கைதிகள் பலர் வெறும் தரையில் படுத்தபோது அவர்களுக்கு மெத்தை கிடைத்தது. முந்தின வாரம்வரை இந்த முஸ்லிம்களைத்தான் நிர்வாகம் ஆபத்தான கூட்டம் என்று தனியாகக் குறித்து வைத்திருந்தது. அதிகாரிகளுக்குக் கைதி உடை மாட்டிவிட்டார்கள். அந்த உடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 11இல் க்வின் மருத்துவமனையில் இறந்தார். மூன்றாவது மகள் அவர் இறந்த பிறகுதான் பிறந்தாள். கைதிகள் அவரை ஜன்னலிலிருந்து கீழே தள்ளினார்கள் என்று செய்தி பரவியது. அந்த ஜன்னல்களில் கம்பி உண்டு என்பதை யாரும் யோசிக்கவில்லை. பேச்சுவார்த்தையில் எழுந்த 28 கோரிக்கைகளை ஏற்க ஆஸ்வால்ட் ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு அதிகாரி செத்தபின் வழக்கு இல்லை என்ற பொது மன்னிப்பு சாத்தியமே இல்லை என்றது மாநிலம். அது இல்லாமல் வெளியே வந்தால் எல்லோர்மேலும் கொலை வழக்கு என்று கைதிகள் பயந்தார்கள். மறுநாள் பணயக்கைதிகளில் ஒருவரான சார்ஜென்ட் எட்வர்ட் கன்னிங்ஹாம் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் பேசினார். மன்னிப்புக் கொடுங்கள், இல்லையென்றால் நாங்கள் செத்தோம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரை நேரில் வரச்சொல்லி எல்லாத் தரப்பிலும் கெஞ்சினார்கள். அவர் வரவில்லை.

செப்டம்பர் 13, திங்கள், மழை. கைதிகள் எட்டு பணயக்கைதிகளை முற்றத்துக்கு மேலே உயரத்தில் இருந்த நடைபாதைமேல் நிறுத்திக் கழுத்தில் கத்தி வைத்தார்கள். காலை 9:46க்கு ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப் புகை விழுந்தது. பிறகு சில நிமிடம் துப்பாக்கிச் சூடு. மாநிலப் போலீசாரின் கையில் சிதறிப் பாயும் குண்டு போட்ட ஷாட்கன்கள் இருந்தன. ஒரு தடவை சுட்டால் பல குண்டுகள் பரந்து போகும்; குறிவைத்தவனைத் தவிரப் பக்கத்தில் நிற்பவனையும் பிடிக்கும். புகை, முகமூடி, கைதி உடையில் அதிகாரிகள். யாரை யாரென்று பார்ப்பது? 39 பேர் செத்தார்கள். 29 கைதிகள், 10 பணயக்கைதிகள். (மற்ற மூன்று கைதிகளை அதற்கு முன்பே சக கைதிகள் கொன்றிருந்தார்கள்.) கன்னிங்ஹாம் அதில் ஒருவர்.

சிறை அதிகாரிகளும் சுட்டார்கள். தாக்குதலில் கலந்துகொள்ளக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது, ஆனாலும் சுட்டார்கள். முற்றம் கைக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. கைதிகளை அம்மணமாக்கிச் சேற்றில் தவழ வைத்தார்கள். இரண்டு வரிசையாக நின்று, நடுவில் ஓடவிட்டுத் தடியால் அடித்தார்கள். ஃபிராங்க் ஸ்மித் என்ற கைதியை மேஜைமேல் மல்லாக்கக் கிடத்தி, கழுத்தில் ஒரு பந்தை வைத்து, அது விழுந்தால் கொன்றுவிடுவோம் என்று மணிக்கணக்கில் வைத்திருந்தார்கள். நண்பர்கள் செத்த ஆத்திரம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். ஆத்திரம் உண்மைதான். ஆனால் அந்த ஆத்திரம் ஒரு பொய்மேல் நின்றது.

பணயக்கைதிகளின் கழுத்தைக் கைதிகள் அறுத்தார்கள், ஒரு இளம் அதிகாரியின் ஆணுறுப்பை வெட்டினார்கள் என்று அதிகாரிகள் தரப்பு வாசலிலேயே நிருபர்களிடம் சொன்னது. நாடு முழுக்க அதுதான் அச்சானது. மறுநாள் ராச்செஸ்டரில் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் ஜான் எட்லண்ட் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்: பணயக்கைதிகள் எல்லோரும் செத்தது குண்டு பாய்ந்து. துப்பாக்கி யாரிடம் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கைதிகளிடம் ஒன்றுகூட இல்லை. கழுத்தில் வெட்டுக் காயம் சிலருக்கு இருந்தது, ஆனால் அதனால் யாரும் சாகவில்லை. எட்லண்டைக் கம்யூனிஸ்ட் என்றார்கள். மாநிலம் வேறு நிபுணர்களை வரவழைத்துத் திரும்பப் பார்த்தது. அவர்களும் அதையே சொன்னார்கள். ஆணுறுப்பு வெட்டப்பட்டதாகச் சொன்ன அந்த இளைஞர் வயிற்றில் குண்டுகளோடு உயிர் பிழைத்தார். சுட்டது அரசு தரப்புத் துப்பாக்கி. அந்த நேரத்தில் அவரைக் கீழே இழுத்துப் போட்டு இன்னும் மோசமாகாமல் காப்பாற்றியது, அவரைக் கொல்ல நிறுத்தி வைத்திருந்த கைதி.

விசாரித்த மெக்கே கமிஷன் 1972இல் அறிக்கை தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பூர்வகுடிகள்மேல் நடந்த படுகொலைகளைத் தவிர்த்தால், உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்கர்களுக்கிடையே ஒரே நாளில் மிக அதிக ரத்தம் சிந்திய மோதல் இது என்று அது எழுதியது.

எனக்கு அட்டிகாவிலேயே மனதை அதிகம் உறுத்துவது இதற்கு அப்புறம் நடந்ததுதான். துப்பாக்கி இல்லை, புகை இல்லை, காசோலை மட்டும். செத்த ஊழியர்களின் மனைவிகளுக்கு மாநிலத்திலிருந்து சின்னத் தொகைக்குக் காசோலைகள் வந்தன. பிழைத்த அதிகாரிகளை ஆறு மாதம் வீட்டில் இருங்கள் என்றார்கள், அவர்களுக்கும் காசோலை வந்தது. வீட்டில் குழந்தைகள், கையில் பணம் இல்லை, வங்கியில் போட்டார்கள். அது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி வந்த பணம். அதை வாங்கிக்கொண்டால் முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமை போய்விடும். இதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. முதலாளி யார்? சுட உத்தரவிட்ட அதே மாநில அரசு.

லிண்டா ஜோன்ஸ் என்ற ஒரு பெண் மட்டும் அந்தக் காசோலையை மாற்றவில்லை. செத்தவர்களில் ஒருவரான அவர் கணவர் சிறையில் கணக்கு எழுதும் சிவிலியன் ஊழியர். லிண்டா வழக்குப் போட்டார். பல வருடம் இழுத்து 1980களில் வென்றார். வட்டியோடு பத்து லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. மற்ற விதவைகளுக்கு அந்தக் கதவு மூடியே கிடந்தது. கைதிகள் போட்ட வழக்கில் 2000ஆம் ஆண்டு மாநிலம் 1.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 80 லட்சம் கைதிகளுக்கு, மீதி வழக்கறிஞர் செலவுக்கு. அதைப் பார்த்த பிறகுதான் ஊழியர் குடும்பங்கள் ஒன்றுகூடி 'அட்டிகாவின் மறக்கப்பட்ட பலியானோர்' என்று அமைப்பு தொடங்கின. முன்னால் நின்றவர்களில் க்வினின் மூத்த மகளும் ஒருவர். இழப்பீடு, மனநல ஆலோசனை, ஆவணங்களைத் திறப்பது, ஆண்டுதோறும் சிறை வாசலில் நினைவு நிகழ்ச்சி, மன்னிப்பு என்று ஐந்து கேட்டார்கள். 2005இல் 1.2 கோடி டாலர் வந்தது. அதோடு மன்னிப்பு வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கைதிகள் தங்கள் உரிமைக்கு வழக்காடிய அதே அரசோடு, அவர்களைப் பூட்டி வைத்தவர்களும் வழக்காடி முடித்திருந்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. 2024 டிசம்பரில் அதே மாநிலத்தின் மார்சி சிறையில் கைவிலங்கு மாட்டிய கைதி ஒருவரை அதிகாரிகள் அடித்துக் கொன்றது உடல்கேமராவில் பதிவானது. பின்னர் கொலை வழக்கு பாய்ந்தது. அந்தக் கொலை நடந்து இரண்டு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 17இல், சங்கத்தின் ஒப்புதல்கூட இல்லாமல் மாநிலம் முழுக்கச் சிறை அதிகாரிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆள் பற்றாக்குறை, 24 மணி நேரம் தொடர்ந்து நிற்க வைக்கும் கட்டாய ஓவர்டைம், தனியறை அடைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டத்தால் தங்களுக்குப் பாதுகாப்பு போய்விட்டது என்ற புகார். ஆளுநர் தேசியக் காவற்படையை உள்ளே அனுப்பினார். மூன்று வாரத்தில் முடிந்தது. 2,000 பேருக்கு மேல் வேலை போனது. இரண்டு செய்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் உடனே ஏதோ ஒரு பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அந்தக் கைதியின் கொலைக்கு ஓவர்டைம் சமாதானம் ஆகாது. 24 மணி நேரம் தூங்காமல் நின்றவரின் புகார் அந்தக் கொலையால் பொய்யாகியும் விடாது. தனியறை ஒன்றுதான் தன் பாதுகாப்பு என்று அதிகாரி நம்பும் நிலைமை எப்படி வந்தது என்று கேட்டால், அட்டிகாவின் சீனியாரிட்டி டூட்டிப் பட்டியல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அட்டிகா சிறை வாசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 11 ஊழியர்களின் பெயர்கள் மட்டும். செத்த 32 கைதிகளின் பெயர்கள் அதில் இல்லை. ஒவ்வொரு செப்டம்பர் 13 அன்றும் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. சார்ஜென்ட் கன்னிங்ஹாமின் மகன் பெரியவனானதும் அதே சிறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அப்பாவின் பெயர் செதுக்கிய கல் நிற்கும் அந்த வாசலில்தான் வருடக்கணக்கில் டூட்டிக்குப் போய் வந்தார்.